மண் பிடித்ததும் வேர் எடுத்ததும்

கதிரியக்கம் என்றதும் பலருக்கும் உயரமான புகைபோக்கியும் முள்வேலியும்தான் நினைவுக்கு வரும். நான் பார்த்த வேலை முழுக்க அந்த வேலிக்கு வெளியே நடந்தது. கழனி வரப்பு, மாட்டுக் கொட்டகை, கீரைப் பாத்தி, வாரச்சந்தை என்று அலைந்தே பணிக்காலம் கழிந்தது. கல்பாக்கத்தில் முதல் உலை 1983இல் இயங்கத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சுற்றுவட்டார ஊர்களின் மண்ணையும் நெல்லையும் பாலையும் அளந்து வைக்கும் வேலையில் சேர்ந்துவிட்டேன். நாளைக்கு ஏதாவது கூடியிருக்கிறதா என்று சொல்ல வேண்டுமானால், இன்றைக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அத்தனை கோணிப்பைகளும் அத்தனை அலைச்சலும்.

அப்போதே மண் வெறுமையாக இல்லை. வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளின் எச்சம் மழையோடு உலகம் முழுக்க இறங்கியிருந்தது. 1963இல் ஒப்பந்தம் போட்டு அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் வான்வெடிப்பை நிறுத்தின. சீனா 1980 வரை தொடர்ந்தது. அதில் பிறந்த சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகும். ஆகவே செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிப் பாசனக் கழனியிலும் அது சொற்ப அளவில் இருந்தது. அதே மண்ணில் இயற்கையாகவே இருக்கும் பொட்டாசியம்-40 கிலோவுக்குச் சில நூறு பெக்கரெல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். கருவியின் திரையில் பொட்டாசியத்தின் முகடு ஓங்கி நிற்கும். சீசியத்தின் முகட்டைப் பார்க்க ஒரு பகல் ஓர் இரவு எண்ணவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு என்பது பாடப்புத்தகத்தில் படித்ததுதான். தனிம அட்டவணையில் ஒரே தொகுதியில் நிற்பவை. அந்த உறவு வயலில் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் பல ஆண்டுகள் பிடித்தன.

மண் எடுப்பது எளிய வேலை போலத் தோன்றும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் முதல் நாளே சொன்னார்: “வரப்பு மண்ணைத் தொடாதே. நெல் நின்ற இடத்து மண்ணை எடு.” உழாத தரையில் விழுந்த சீசியம் பத்து, இருபது ஆண்டுகள் ஆனாலும் மேலே சில அங்குலத்திலேயே தங்கிவிடும். கழனியில் ஏர் ஓடி உழவு ஆழம் முழுக்கக் கலந்துவிடும். ஒரே மழையில் நனைந்த வரப்பும் கழனியும் இரண்டு வேறு எண்களைக் காட்டும். கதிரை ஓரிடத்தில் அறுத்து மண்ணை வேறிடத்தில் அள்ளினால் அந்தக் கணக்கால் யாருக்கும் பயனில்லை.

சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு கழனியில் சொர்ணவாரி அறுவடை நேரம். உருளைக் குழாயை மண்ணில் அடித்து இறக்கிக்கொண்டிருந்தபோது நிலத்துக்காரப் பெரியவர் வந்து நின்றார். “என்ன தம்பி, மண்ணுல ஏதாவது கோளாறா?” என்றார். “கோளாறு ஒண்ணும் இல்லீங்க ஐயா, என்ன இருக்குன்னு அளந்து வெக்கிறோம்” என்றேன். விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மண்ணுல இருந்தா அரிசியில வந்துருமா?” இந்தத் துறையில் இத்தனை காலம் நாங்கள் எழுதிய அறிக்கைகள் எல்லாமே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

தானியத்தில் ஒரு கிலோவுக்கு உள்ள பெக்கரெல்லை மண்ணில் ஒரு கிலோவுக்கு உள்ள பெக்கரெல்லால் வகுத்தால் ஓர் எண் வரும். எவ்வளவு ஏறியது என்பதற்கு அதுதான் அளவுகோல். ஏட்டில் பார்க்க மிகத் தெளிவான எண். வயலில் அதை நம்பத்தக்கதாக எடுப்பதுதான் பாடு. கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமழை அடித்த மறுநாள் பறித்த தண்டுக்கீரையின் அடியிலைகளில் மண் தெறித்து ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு மண் ஒட்டியிருந்தாலே போதும், வேர் வழியாக ஏறியதைவிட அதுவே அதிகமாகக் காட்டும். கதிரியக்கத் தோரியம் போன்ற, வேர் ஏறத்தாழ எடுக்கவே எடுக்காத பொருள்களில் இது இன்னும் மோசம். அளந்தது கீரையையா மண்ணையா என்றே சொல்ல முடியாது. அதனால் மண்ணில் நிறையவும் செடியில் மிகக் குறைவாகவும் இருக்கும் டைட்டானியத்தையும் சேர்த்து அளப்போம். இலையில் டைட்டானியம் தெரிந்தால் மண் ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

கழுவும் முறை பற்றியும் பேச்சு வந்தது. ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் கழுவினால் சுத்தம்தான். ஆனால் மக்கள் சாப்பிடுவதை அளக்க வேண்டுமென்றால் அவர்கள் கழுவுகிறபடி கழுவ வேண்டும். ஊர்ப் பெண்களைக் கேட்டோம். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, கீரையை அமுக்கி அலசி, மண் அடியில் தங்கவிட்டு மேலாக அள்ளி, மூன்று தண்ணீர் மாற்றுவதாகச் சொன்னார்கள். அதையே ஆய்வக வழக்கமாக்கிக்கொண்டோம். பிறகு உலர்த்தி, சாம்பலாக்கி எண்ணுவோம். சாம்பலாக்கும் உலையின் சூட்டை 450 டிகிரிக்கு மேல் போகவிடுவதில்லை. போனால் சீசியம் ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். ஸ்ட்ரான்சியம்-90 அளப்பது வேறு பாடு. அது காமாக் கதிர் தராது என்பதால் ரசாயன முறையில் பிரித்தெடுத்து, அதிலிருந்து இட்ரியம் பிறந்து வளர இரண்டு வாரம் விட்டுவைத்துத்தான் எண்ண முடியும்.

மண்ணில் எவ்வளவு இருந்தாலும் செடிக்குப் போகாமல் இருக்கக்கூடும் என்பதை எனக்கு உறைக்க வைத்தது மணவாளக்குறிச்சிக் கடற்கரை. அங்கே மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் தோரியம் உண்டு. கையில் பிடித்த அளவி சடசடவென்று அடிக்கும். அதே மண்ணில் தென்னையும் மரச்சீனியும் செழிப்பாக நிற்கும். தேங்காய்த் தண்ணீர் குடிக்கலாமா, கிழங்கு தின்னலாமா என்று கேட்காத வீடு இல்லை. தோலுரித்த கிழங்கை அளந்தால், மணலில் இருப்பதோடு ஒப்பிட அதில் வந்தது மிகச் சொற்பம். காரணம் மோனசைட்டின் கெட்டி. ஆலையில் அதை உடைக்கக் கொதிக்கும் காஸ்டிக் சோடா வேண்டியிருக்கிறது. வேர் கசியவிடும் மெல்லிய அமிலம் அதை என்ன செய்துவிடும்? தோரியத்தின் வழியில் பிறக்கும் ரேடியம் மட்டும் கால்சியத்தின் குணம் கொண்டது. அதனால் மோனசைட் மணிக்கு வெளியே வந்த சிறு பங்கு செடிக்குள் கொஞ்சம் போகும். அங்கு வாழ்பவர்களுக்கு வெளியிலிருந்து உடம்பில் படும் கதிர்வீச்சைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், கிழங்கைப் பற்றி அல்ல.

1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் வெடித்தது. நம் ஊருக்குக் காற்றில் வந்தது வெகு சொற்பம். ஆனால் உணவு கப்பலில் வந்தது. இறக்குமதியான பால்பொடியும் வெண்ணெயும் எங்கள் மேசைக்கு வந்து குவிந்தன. அயர்லாந்து வெண்ணெய் பற்றிய வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொடங்கி 1988இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. உணவு எப்படித் தயாராகிறது என்பதும் ஒரு தடுப்பு என்பதை அந்த நாட்களில்தான் நாங்கள் ஊன்றிப் பார்த்தோம். சீசியம் நீரில் கரையும், கொழுப்பில் தங்காது. பாலில் இருந்தது வெண்ணெய் எடுக்கும்போது மோரோடு போய்விடும். வெண்ணெயை நெய்யாக உருக்கினால் ஏறத்தாழ ஒன்றுமே மிஞ்சாது. ஸ்ட்ரான்சியம் கால்சியத்தோடு சேர்ந்து பாலாடைக்கட்டியில் தங்கும். கீரையை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் சீசியத்தில் ஒரு பங்கு அதோடு போகும்.

அயோடின்-131 வேறு ரகம். அது புல்லில் படிந்து, பசு மேய்ந்து, பாலில் இறங்க ஓரிரு நாள் போதும். மண்ணும் வேரும் அதில் பங்கெடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பாதியாகக் குறைய எட்டு நாள்தான். அந்தப் பாலைப் பொடியாக்கிச் சில மாதம் வைத்திருந்தால் அயோடின் தானே தீர்ந்துவிடும். செர்னோபில் சுற்றுவட்டாரத்தில் பாலை உடனே நிறுத்தாததுதான் பெருங்கேடு. அப்போது சிறுவர்களாக இருந்தவர்களில் 6,000 பேருக்கு மேல் தைராய்டு புற்றுநோய் வந்ததாக 2005 வரையிலான கணக்கை ஐ.நா. அறிவியல் குழு பதிவு செய்திருக்கிறது. அவற்றில் கணிசமான பங்குக்குக் காரணம் அந்த முதல் வாரங்களில் குடித்த பால். முதல் நாட்களில் பசுவைக் கட்டிப்போட்டுப் பழைய வைக்கோல் போடுவது எத்தனை பெரிய காப்பு என்பதை, அதற்குப் பிறகு நான் பேசாத பயிற்சி வகுப்பு இல்லை.

செர்னோபிலுக்குப் பின் வந்த செய்திகளில் இரண்டு என்னை வெகுவாக யோசிக்க வைத்தன. ஒன்று வேல்ஸ் மலையில் மேய்ந்த செம்மறிகள். 1986 ஜூனில் அவற்றின் விற்பனைக்குத் தடை வந்தபோது சில வாரங்களில் சரியாகிவிடும் என்றே அதிகாரிகள் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு களிமண் வயல்களை வைத்துப் போட்டது. மலையிலோ புளிப்பேறிய, இலைமக்கு நிறைந்த, பொட்டாசியம் குறைந்த மண். சீசியத்தைப் பிடித்து வைக்க அங்கே களி இல்லை. புல் எடுக்கும், ஆடு தின்னும், சாணத்தில் திரும்பவும் மண்ணுக்கு வரும், மறுபடியும் புல்லுக்குப் போகும். கடைசித் தடை நீங்கியது 2012இல். மற்றொன்று உக்ரைனின் ரிவ்னே பகுதி. உலைக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மேற்கே, மண்ணில் விழுந்ததும் அவ்வளவு அதிகமில்லை. ஆனால் அது சதுப்புக் கரிமண். பத்து, இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்தப் பகுதிக் கிராமங்களின் பாலில் சீசியம் வரம்பைத் தாண்டியது. அதைவிட அதிகம் விழுந்த கருமண் வயல்களில் பயிர் தூய்மையாக வந்தது. மண்ணை மட்டும் அளந்து வரைபடத்தில் சிவப்படித்தால் உண்மையான இடரை அந்த வரைபடம் காட்டாது என்பது அன்று உறுதியாயிற்று.

நம் மண் இதில் எந்தப் பக்கம்? இதற்காகத் தொட்டிகளில் நெல் வைத்தோம். செங்கல்பட்டுச் செம்மண், டெல்டா வண்டல், கரிசல், கடலோர மணல் என்று தனித்தனியாக நிரப்பி, ஒரே அளவு சீசியம் கலந்து, ஒரே நாளில் நாற்று நட்டோம். பறவை கொத்தாமல் இருக்க வலை போட்டோம். கழுவிய தண்ணீரைக்கூட வெளியே விடாமல் சேகரித்தோம். அறுத்துக் கதிர், உமி, தாள் என்று பிரித்து எண்ணினால், மணல் தொட்டியின் நெல் எல்லாவற்றையும் விட அதிகம் எடுத்திருந்தது. வண்டலில் மிகக் குறைவு. களிமண்ணின் சில வகைகள் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டவை. பழைய புத்தகத்தின் ஓரத்தில் தாள்கள் பிரிந்திருப்பதுபோல் அந்தத் தகடுகளின் ஓரம் பிரிந்திருக்கும். அந்த இடுக்கில் சீசியம் புகுந்தால் தகடுகள் மூடிக்கொண்டு விடாமல் பிடிக்கும். செம்மண்ணில் அதிகம் இருக்கும் கயோலினைட் களிக்கு அந்த இடுக்கு கிடையாது. அதனால்தான் களிமண் என்றாலே கவலையில்லை என்று சொல்ல முடியாது. எந்தக் களி என்று பார்க்க வேண்டும். நல்ல களியில் இரண்டாம் ஆண்டுப் பயிர் முதல் ஆண்டைவிடக் குறைவாகவே எடுத்தது. காலம் போகப் போகப் பிடி இறுகுகிறது.

அடுத்த போகத்தில் உரத்தை மாற்றிப் பார்த்தோம். பொட்டாஷ் போட்ட தொட்டியில் சீசியம் குறைந்தது. வேர் பொட்டாசியத்துக்குத் திறக்கும் வாசல் வழியாகத்தான் சீசியமும் நுழைகிறது. பொட்டாசியம் போதுமான அளவு கிடைத்தால் அந்த வாசலுக்கு வேலை குறைந்துவிடும். பசித்த வேர்தான் வந்ததையெல்லாம் எடுக்கும். பசி தீர்ந்த பிறகு மேலும் மேலும் பொட்டாஷ் கொட்டுவதால் பெரிய பலன் இல்லை. யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் போட்ட தொட்டியில் கதை தலைகீழ். தண்ணீர் தேங்கிய மண்ணில் அம்மோனியம் அப்படியே தங்கும். உருவில் சீசியத்தைப் போலவே இருப்பதால் களியின் பிடியிலிருந்து அதைத் தள்ளிவிட்டு நீரில் விடும். நம் விவசாயி யூரியாவைத் தாராளமாகவும் பொட்டாஷைச் சிக்கனமாகவும் போடுகிறவர். விலையும் மானியமும் அவரை அப்படிப் பழக்கியிருக்கின்றன. விளைச்சலுக்கே கேடான இந்தப் பழக்கம், கதிரியக்கம் விழுந்த காலத்தில் இரட்டைக் கேடாகும் என்பதை அந்தத் தொட்டிகளைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

பயிருக்குள் போனதும் எல்லாப் பாகத்துக்கும் சமமாகப் போவதில்லை. தாளில் அதிகம், மணியில் குறைவு. மணியிலும் தவிட்டில் அதிகம், தீட்டிய அரிசியில் குறைவு. நாம் உண்பது அரிசி, மாடு தின்பது வைக்கோலும் தவிடும். ஆகவே நெல்லை அளந்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. பால் வழியாகவும் ஒரு பங்கு வீட்டுக்குத் திரும்பும். அதிலும் ஆட்டுப்பாலில் லிட்டருக்கு லிட்டர் பசும்பாலைவிட அதிகம் இறங்கும்.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தபோது நாங்கள் தொட்டியில் பார்த்தது ஒரு நாட்டின் வயல்களில் நடந்தது. கிலோவுக்கு 5,000 பெக்கரெல்லுக்கு மேல் சீசியம் உள்ள மண்ணில் நெல் நடக் கூடாது என்று ஜப்பான் அரசு அந்த ஏப்ரலில் அறிவித்தது. மண்ணில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அரிசிக்கு ஏறினாலும் அப்போதைய வரம்பான 500ஐத் தாண்டாது என்பது கணக்கு. பெரும்பாலான வயல்களில் ஏறியது அதைவிட வெகு குறைவு. ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் ஃபுகுஷிமா நகரின் ஓனாமிப் பகுதி அரிசியில் 630 வந்தது. மலையடிவாரத்துச் சிறு வயல்கள், மண்ணில் பொட்டாசியம் குறைவு, சீசியத்தைப் பிடிக்கும் களியும் குறைவு. சராசரி எண்ணை நம்பி நாடு முழுவதற்கும் ஒரே கோடு போட்டால் கோட்டுக்கு வெளியே ஒரு மூலை எப்போதும் இருக்கும்.

அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து வரம்பை 100ஆகக் குறைத்தார்கள். 100 கிராம் மண்ணுக்கு 25 மில்லிகிராம் என்ற அளவில் பொட்டாஷ் சத்து இருக்கும்படி வயல்தோறும் உரம் போட்டார்கள். ஃபுகுஷிமாவில் விளைந்த அரிசி மூட்டை ஒவ்வொன்றையும் சோதித்தார்கள். ஆண்டுக்கு ஒரு கோடி மூட்டை வரை. அந்தச் சோதனைக் கூடம் ஒன்றை நேரில் பார்த்தேன். 30 கிலோ பழுப்பரிசி மூட்டை உருளைப் பட்டையில் ஏறி, காரீயம் சூழ்ந்த பெட்டிக்குள் நுழைந்து, சில நொடிகள் நின்று வெளியே வரும். ஓர் இளைஞர் எண்ணிட்ட ஒட்டுத்தாளை மூட்டையில் அழுத்தி ஒட்டுவார். அந்த எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் முடிவைப் பார்க்கலாம். அருகில் நின்ற விவசாயி தன் மூட்டைகளின் வரிசையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. 2015 அறுவடையிலிருந்து வரம்பைத் தாண்டிய மூட்டை ஒன்றுகூட இல்லை. பின்னர் 2020இல் பெரும்பாலான பகுதிகளில் மாதிரி மட்டும் எடுக்கும் முறைக்கு மாறினார்கள். அங்கேயும் காட்டுக் காளானிலும் காட்டுப்பன்றியிலும் சீசியம் இன்னும் அடங்கவில்லை. காட்டு மண்ணை யாரும் உழுவதில்லை, பொட்டாஷ் போடுவதில்லை.

நான் சேர்ந்த காலத்தில் கையேடுகளில் இருந்த எண்கள் பெரும்பாலும் ஐரோப்பாவின் கோதுமைக்கும் உருளைக்கிழங்குக்கும் உரியவை. சர்வதேச அணுசக்தி முகமையின் 2010ஆம் ஆண்டுக் கையேட்டில் நெல்லுக்கென்று தனிப்பக்கம் வந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். அதிலேயே நெல்லுக்குச் சீசியம் ஏறும் அளவின் அடிமட்டத்துக்கும் மேல்மட்டத்துக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். அவ்வளவு அகன்ற வீச்சில் சராசரியை எடுத்து என்ன செய்வது? அந்தந்த ஊர் மண்ணை அறிந்தால்தான் வழி.

அந்த அறிவில் பாதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2015 முதல் விவசாயிகளுக்குக் கொடுக்கப்படும் மண்வள அட்டையில் சாம்பல் சத்து என்று ஒரு வரி உண்டு. கார அமில நிலையும் கரிமச் சத்தும் அதில் உண்டு. உர அளவு சொல்வதற்காக எழுதப்பட்ட வரிகள் அவை. அணுமின் நிலையங்களைச் சுற்றியுள்ள வட்டங்களிலாவது இந்த மூன்று வரிகளோடு களியின் வகையையும் சேர்த்து ஊர்வாரியாகத் தொகுத்து வைத்தால், எங்கே சீசியம் ஏறும், எங்கே ஏறாது, எந்தக் கழனிக்கு முதலில் பொட்டாஷ் போக வேண்டும் என்று ஒரே நாளில் சொல்லிவிடலாம். விபத்து நடந்த பிறகு மண் அள்ளப் போனால் ஒரு போகம் போய்விடும். வேல்ஸிலும் ஓனாமியிலும் அப்படித்தான் போயிற்று. இன்றைக்குப் பொட்டாஷ் குறைந்த கழனி என்று அட்டை காட்டுகிற இடத்தில் அடியுரமாக அதைப் போட்டால் விளைச்சலும் கூடும், ஒருவேளை தேவைப்பட்டால் அரிசிக்கும் அதுவே காவல். இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்தத் தொகுப்பைத் தொடங்குங்கள், எடுத்த எண்ணை மண் கொடுத்தவர் கையிலும் கொடுங்கள்.